முதலாண்டு வணிகவியல் மாணவர் கையில் எதைக் கொடுப்பது: எக்செலா, டேலியா, ஈஆர்பிநெக்ஸ்டா?

வணிகத் தகவல் முறைமைகள் பற்றிய தாளை வரையறைகளோடு தொடங்கினால் மாணவர்கள் அவற்றைத் தேர்வுவரை சுமந்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஒரு மென்பொருளைக் கையில் கொடுத்துத் தொடங்குவதே சரி. எதைக் கொடுப்பது என்பதில்தான் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு. விரிதாளான எக்செல், கணக்குப்பதிவு மென்பொருளான டேலி, விற்பனை முதல் கணக்குவரை எல்லாத் துறைகளையும் ஒரே முறைமையில் இணைக்கும் ஈஆர்பி வகை மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்ட் ஆகிய மூன்றிலும் ஒரே வேலையைச் செய்துபார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். நான் எடுத்துக்கொள்ளும் வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வரும் டி-ஷர்ட் ஆர்டர்.

திருப்பூரில் ஒரு சட்டை பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார்கள். துணி சாயப்பட்டறைக்குப் போகும், துணி பின்னர் சுருங்காதபடி செய்யும் காம்பேக்டிங் முடிந்து வரும், பிறகு கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். இவற்றில் பல ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்துதரும் வேலையாக, வெளியார் நிறுவனங்களில் நடப்பவை. சரக்கு வெளியே போகும்போதெல்லாம் என்ன, எவ்வளவு, யாருக்கு என்று குறிக்கும் டெலிவரி சலான் கூடவே போக வேண்டும். கட்டிங் வரை கிலோ கணக்கு, அதன்பின் பீஸ் கணக்கு. அனுப்பிய எடை அப்படியே திரும்பி வருவதும் இல்லை, இடையில் சேதாரம் உண்டு. சரக்கு யாரிடம் எவ்வளவு இருக்கிறது, எப்போது வரும் என்று ஆர்டரை முடித்துக்கொடுக்கும் பொறுப்பிலுள்ள மெர்ச்சண்டைசர் கேட்டாலும் கணக்கர் கேட்டாலும் முதலாளி கேட்டாலும் ஒரே பதில் கிடைக்க வேண்டும். மாணவருக்குப் புரியவேண்டிய பாடம் இவ்வளவுதான்.

எக்செலில் இதைத் தொடங்குவது எளிது. ஒரு வரி ஒரு பதிவு, ஒரு பத்தி ஒரு விவரம் என்பது முதல் வகுப்பிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். உரிமக் கட்டணம் தடையென்றால் லிப்ரேஆபிஸ் கால்க் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் மெர்ச்சண்டைசரும் கணக்கரும் தனித்தனிக் கோப்பு வைத்துக்கொள்ளும் நிமிடத்தில் இரண்டு உண்மைகள் பிறந்துவிடுகின்றன. ‘சிவப்பு’ என்று ஒருவர் எழுத, ‘ரெட்’ என்று இன்னொருவர் எழுத, கூட்டுத்தொகை பிசகும். பெரிய அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, 65,536 வரிகளுக்குமேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதால், ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனது. தொடர்பில் இருந்தவர்களைத் தேடிக் கண்டறியும் பணியும் அதனால் தாமதமானது. இதை வகுப்பில் அவசியம் சொல்ல வேண்டும்.

டேலியின் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. 1986இல் தொடங்கிப் பெங்களூரில் வளர்ந்த அந்த நிறுவனத்தின் மென்பொருள் தெரியாமல், இங்கே சிறு நிறுவனங்களில் கணக்கர் வேலை கிடைப்பது கடினம். ஜிஎஸ்டி கணக்கு அதிலேயே முடிந்துவிடும். கணக்குப்பதிவு மென்பொருள் பயன்படுத்தும் கம்பெனிகளில், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எக்செலில் எண்ணை மாற்றினால் யாருக்கும் தெரியாமல் போகக்கூடும், டேலியில் திருத்தப் பதிவு நிற்கும் என்று காட்டினால், தகவலின் நம்பகத்தன்மை என்றால் என்னவென்று மாணவருக்கு உடனே விளங்கும்.

ஆயினும் முதல் மென்பொருளாக டேலியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஜாப் ஒர்க், சரக்கு இருப்பு ஆகிய வசதிகள் அதில் உண்டு. வகுப்பில் நடப்பதோ வவுச்சர் பதிவு, அதாவது ஒவ்வொரு வரவுசெலவையும் கணக்கில் ஏற்றுவது மட்டும். நடந்து முடிந்ததைக் கணக்கரின் நாற்காலியிலிருந்து எழுதப் பழகுகிறார்கள், நடந்துகொண்டிருப்பதைப் பார்ப்பதில்லை. உரிமம் இல்லாத கல்விப் பயன்முறையில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவிட முடியும். ஐந்தாம் தேதி சாயப்பட்டறைக்குப் போய்ப் பதினான்காம் தேதி திரும்பும் துணியை அதில் உள்ளபடி எழுத வழியில்லை. தாமதம் என்பதே தெரியாத ஒரு திருப்பூரைத்தான் மாணவர் அங்கே காண்பார்.

ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பையில் உருவான திறமூல மென்பொருள், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது. நான்கு மாணவர்களை விற்பனை, கொள்முதல், கிடங்கு, கணக்கு என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் அந்தப் பொறுப்புக்கான அனுமதியை மட்டும் கொடுத்து உட்காரவைக்கலாம். கிடங்கில் இருப்பவர் வரவைப் பதியாதவரை, கணக்கில் இருப்பவர் இருப்பைத் தேடித் தவிப்பார். ‘இன்னும் ஏன் போடவில்லை?’ என்று ஆய்வகத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் குரல் எழும். தகவல் முறைமை என்பதில் கணினியைப்போலவே மனிதர்களும் நடைமுறையும் பங்கு என்ற வரையறையை நான் அந்த நேரத்தில்தான் கரும்பலகையில் எழுதுவேன்.

அதன் குறையும் சிறியதல்ல. சர்வரில் நிறுவிப் பராமரிக்க விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். திரைகள் ஏராளம், புதியவர் மிரள்வார். இத்தகைய முறைமைகளை அவசரமாக நுழைத்தால் நிறுவனமே தடுமாறும் என்பதற்கு அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் சான்று. 1999இல் எஸ்ஏபி என்ற ஈஆர்பி உள்ளிட்ட மூன்று மென்பொருள்களை ஒரே வீச்சில் நடைமுறைப்படுத்தி, கையில் சரக்கு இருந்தும், மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைக்கால ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியாமல் திணறியது.

ஆகவே என் தேர்வு இது: முதல் சில வாரங்கள் எக்செல், இரண்டு கோப்புகள் முரண்படும்வரை. பருவத்தின் மீதி முழுவதும் ஈஆர்பிநெக்ஸ்ட், அதுவும் விற்பனை ஆணை முதல் பணம் வரும்வரையான ஒரே பாதை மட்டும். உற்பத்தித் திட்டமிடல் போன்ற பகுதிகளைத் திறக்கவே வேண்டாம். டேலி இரண்டாம் ஆண்டில் வரட்டும். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கல்லூரியில், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் உரிமத்தோடு டேலியை வாங்கி, அதே நான்கு மாணவர்களுக்கு அதே நான்கு பொறுப்புகளைக் கொடுங்கள்.