19 நாள் பச்சை டிக்

நான்கு ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வரும் ஆன்டிவைரஸ் நிரலின் உரிமம் முடியும் தறுவாயில், பாதி விலைக்குப் புதுப்பித்துத் தருவதாக அந்நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதே நிரலை வாங்கலாமா என்று நண்பர் ஒருவரும் சென்ற வாரம் கேட்டார். அவருக்கு ஒரு வரியில் பதில் அனுப்பத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நிரலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதன் மீது எனக்கிருக்கும் கோபத்தில் நியாயம் எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று நானே இன்னும் பிரித்துப் பார்த்து முடிக்கவில்லை.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு ஆண்டுகளில் அது என் கணினியை ஒரு நாளும் மந்தமாக்கியதில்லை. நான் வேலையில் இருக்கும்போது முழு ஸ்கேனைத் தொடங்கி வன்தட்டை அரைத்ததில்லை. பென்டிரைவ்களில் வந்த குப்பைகளைச் சத்தமில்லாமல் தடுத்திருக்கிறது. என் குறை முழுவதும் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: ‘அகற்றப்பட்டது’.

ஒரு நாள் காலையில் கணினியைத் திறந்த சற்று நேரத்தில், திரையின் வலது கீழ் மூலையில் ஓர் அறிவிப்பு எழுந்தது. நல்ல நிரலைப்போல் வேடமிட்டு நுழையும் ட்ரோஜன் வகையைச் சேர்ந்த கோப்பு ஒன்று கண்டறியப்பட்டதாகவும் அகற்றப்பட்டதாகவும் அது சொன்னது. பக்கத்தில் ஒரு பச்சை வட்டம், அதற்குள் வெள்ளை டிக். கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது என்று அன்றைக்கு மகிழ்ந்துதான் போனேன். மறுநாள் அதே கோப்பு, அதே அறிவிப்பு, அதே பச்சை டிக். மூன்றாம் நாளும் அப்படியே. கோப்பின் பெயர் மட்டும் பொருளற்ற எட்டு எழுத்துகளாக நாளுக்கு நாள் மாறியது. அது உட்கார்ந்த இடமோ மாறவில்லை: ஆப்டேட்டா என்னும் மறைவான கோப்புறைக்குள் இருக்கும் ரோமிங்.

முதல் வாரம் முழுவதும், இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். முழு ஸ்கேன் ஓட்டினேன். கணினி சுத்தமாக இருப்பதாகச் சொன்னது. அடிப்படை நிரல்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் திறந்து மறுபடியும் ஓட்டினேன்; அங்கும் சுத்தம். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு நிரலான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன், விண்டோஸ் எழுவதற்கு முன்பே இயங்கித் தேடும் என்பதால் பெரும் நம்பிக்கையோடு அதையும் ஓட்டி, கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் பச்சை டிக் தவறாமல் வந்து நின்றது. விண்டோஸை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் பழைய ரீஸ்டோர் பாயின்டுக்குப் போகலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. கேடு புகுந்த நாளே தெரியாமல் எந்த நாளுக்குத் திரும்புவது என்று அதைக் கைவிட்டேன்.

எரிச்சல் முற்றிய ஒரு நாளில்தான் குறிப்பேட்டை எடுத்து, கணினிக்குள் நுழைந்த நேரத்தையும் அறிவிப்பு வந்த நேரத்தையும் எழுதத் தொடங்கினேன். ஐந்து நாள் எழுதிப் பார்த்ததில், நான் எப்போது நுழைந்தாலும் சரியாக 4 நிமிடம் கழித்து அறிவிப்பு வருவது தெரிந்தது. ஆறாம் நாள் இணையக் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தேன். 4 நிமிடம் ஆனது, 10 நிமிடம் ஆனது, அறிவிப்பு வரவில்லை. கேபிளைச் செருகி, வெளியேறி, மீண்டும் நுழைந்தேன். 4 நிமிடத்தில் பச்சை டிக் வந்தது. அத்தனை நாள் ஓட்டிய ஸ்கேன்கள் கற்றுத் தராததை அந்தக் கேபிள் கற்றுத் தந்தது. ஸ்கேன்கள் தேடிக்கொண்டிருந்த கோப்பு என் கணினியில் குடியிருக்கவே இல்லை. யாரோ ஒருவர் அதை நாள்தோறும் இணையத்திலிருந்து புதிதாகக் கொண்டுவந்து வைக்க, ஆன்டிவைரஸ் அதை நாள்தோறும் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. கொண்டுவந்தவரை அது தேடவே இல்லை.

அவரைத் தேட உதவியது ஆட்டோரன்ஸ். 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பைச் சேர்ந்தது இது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிய பிறகும் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸ் எழும்போதும் நாம் உள்ளே நுழையும்போதும் தானாகத் தொடங்குபவை எவையெவை என்பதை ஒரே பட்டியலாகக் கொட்டிவிடும். பார்க்க அழகான கருவியன்று, நூற்றுக்கணக்கான வரிகள் கண்ணைக் கட்டும். குறிப்பிடும் கோப்பு வட்டில் இல்லாத வரிகளை மட்டும் அது மஞ்சளாகக் காட்டும். அப்படி ஒரு மஞ்சள் வரி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், நாம் நுழைந்ததும் இயங்க வேண்டியவற்றைக் குறிக்கும் ரன் பகுதியில் இருந்தது. அது சுட்டிய கோப்பு, அன்று காலை ஆன்டிவைரஸ் ‘அகற்றிய’ அதே எட்டெழுத்துக் கோப்பு. அதாவது, கோப்பை அள்ளிய கை அதை இயக்கச் சொல்லும் வரியைத் தொடாமல் விட்டிருந்தது. வரியை நீக்கிவிட்டு, வென்றுவிட்டதாக நினைத்து உறங்கப்போனேன். மறுநாள் 4 நிமிடம் கழித்துப் புதிய பெயரில் ஒரு கோப்பும், புதிதாக ஒரு மஞ்சள் வரியும் வந்து சேர்ந்தன.

மூலம் இருந்தது ஆட்டோரன்ஸின் வேறு பக்கத்தில், குறித்த நேரத்தில் தானாக இயங்கும் பணிகளான ஷெட்யூல்டு டாஸ்க்குகளின் பட்டியலில். ஒரு பிரவுசருக்கு அப்டேட் சரிபார்க்கும் பணி என்ற பெயரோடு அது அமர்ந்திருந்தது. அந்தப் பிரவுசரை நான் இந்தக் கணினியில் நிறுவியதே இல்லை. டாஸ்க் ஷெட்யூலரில் திறந்து பார்த்தேன். பயனர் உள்ளே நுழைந்து 4 நிமிடம் கழித்து இயங்கு என்பது அதற்கிட்ட கட்டளை. இயக்க வேண்டிய நிரல் என்ற இடத்தில் இருந்தது, எழுத்தில் தரும் கட்டளைகளை இயக்க விண்டோஸோடு வரும் பவர்ஷெல். அதற்குத் தரப்படும் வரி பெட்டிக்குள் அடங்காமல் வலப்புறம் ஓடியது. அம்பு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனால், சாளரத்தைக் காட்டாதே என்ற ஆணையும் அதன் பின்னால் படித்தால் புரியாதபடி பேஸ்64 என்னும் குறியீட்டு முறையில் எழுதப்பட்ட எழுத்துக் குவியலும் முடிவில்லாமல் வந்தன. ஸ்கேன்கள் ஏன் கைவிரித்தன என்பது அப்போதுதான் விளங்கியது. பவர்ஷெல் முறையான கையொப்பமுள்ள நிரல், பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் கொடுத்துப் பார்த்தாலும் ஒரு குற்றமும் வராது. கெட்டது அந்த நிரலன்று, அதற்கு இடப்பட்ட ஒற்றை வரிதான். அந்த வரியோ சிஸ்டம்32 கோப்புறைக்குள் இருக்கும் சிறிய எக்ஸ்எம்எல் கோப்பில் வெறும் எழுத்தாகக் கிடந்தது. சேஃப் மோடில் டாஸ்க் ஷெட்யூலர் இயங்காது, ஆகவே அங்கே கோப்பு வந்து சேர வழியே இல்லை. சுத்தம் என்று சேஃப் மோடு சொன்னது, அந்த நேரத்தளவில், உண்மைதான்.

பணியை நீக்கினேன், மஞ்சள் வரியை நீக்கினேன். மறுநாளிலிருந்து அறிவிப்பு வரவில்லை. நீக்குவதற்கு முன்பு, அந்தப் பணி உருவாக்கப்பட்ட தேதி பட்டியலின் ஓரத்தில் கண்ணில் பட்டது. எண்ணிப் பார்த்தால் 19 நாள் ஆகியிருந்தது. அன்று மாலை என்ன செய்தேன் என்று நினைவுகூர அதிக நேரம் ஆகவில்லை. ஒரு காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்காக, தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக நின்ற இலவச நிரலைத் தரவிறக்கினேன். ஆன்டிவைரஸ் அப்போதே, வெளியிட்டவர் யாரென்று தெரியாத நிரல் இது, அனுமதிக்கலாமா என்று கேட்டது. அனுமதித்தேன். அட்மின் உரிமை வேண்டுமென்று விண்டோஸ் கேட்டது. அதற்கும் ஆம் என்றேன். எதிரிகள் ஒளிந்திருந்த மரக்குதிரையைக் கோட்டைக்குள் இழுத்துக்கொண்டவர்கள் ட்ராய் நகரத்தார்தாம் என்பதை இந்த வகை நிரலின் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. வைரஸைப்போல் தானாகப் பரவத் தெரியாத ட்ரோஜனுக்கு என்னைப்போன்ற ஒருவர் கதவைத் திறந்தாக வேண்டும்.

எனவே நியாயம் பேசினால், ஆன்டிவைரஸ் முதல் நாளே எச்சரித்தது. அதை மீறியவன் நான். அதன் பிறகும் நான் அறிந்தவரை, வந்த கோப்பை ஒருநாள்கூட இயங்க விடாமல் பிடித்தது. அது இல்லாதிருந்தால் அந்த 19 நாளில் என் கடவுச்சொற்கள் எங்கெங்கே போயிருக்குமோ தெரியாது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் கோபம் தணியவில்லை. ‘கோப்பைப் பிடித்தேன், ஆனால் இதே இடத்தில் மூன்றாம் முறையாகப் பிடிக்கிறேன், எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது, பாருங்கள்’ என்று சொல்லியிருந்தால் போதும். எண்ணத் தெரிந்த நிரல்தான். மாதக் கடைசியில் ‘தடுத்தவை 19’ என்று பெருமையாக அறிக்கை அனுப்பியது. அந்தப் பத்தொன்பதும் ஒன்றே என்று சொல்லத் தெரியவில்லை, அல்லது பத்தொன்பது என்று சொன்னால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அறிவிப்பு நின்ற பிறகும் எனக்கு அந்தக் கணினியில் மனம் ஒட்டவில்லை. அட்மின் உரிமையோடு 19 நாள் உள்ளே இருந்த ஒன்று, நான் பார்த்த இரண்டு இடங்களோடு நின்றிருக்கும் என்பதற்கு உறுதி ஏது? படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளிவட்டில் எடுத்துக்கொண்டேன், நிரல் கோப்பு எதையும் எடுக்கவில்லை. வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து, வட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். கடவுச்சொற்களை மாற்றியது கைபேசியிலிருந்து. மாற்றியதோடு விடாமல், ஒவ்வொரு கணக்கிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதையும் அழுத்தினேன். நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கீகள் களவு போயிருந்தால், திருடனுக்குக் கடவுச்சொல் தேவைப்படாது, ஏற்கெனவே திறந்த கதவு வழியாகவே அவன் உள்ளே இருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போயிற்று.

உரிமம் மிச்சமிருந்ததால் புதிய விண்டோஸிலும் அதே ஆன்டிவைரஸைத்தான் நிறுவினேன். இந்த நான்கு மாதங்களில் அதன் மீது சொல்லும்படியான குறை இல்லை. பழையபடி இலகுவாக, அமைதியாக இயங்குகிறது. நண்பருக்கு அதை அப்படியே எழுதி, ‘நல்ல நிரல், நான் புதுப்பிக்கப்போவதில்லை’ என்று முடித்து அனுப்பினேன். இது முரண் என்று அவர் திருப்பி எழுதியிருக்கிறார், முரண்தான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பச்சை டிக்கை இனிமேல் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

நேற்று மாலை அதை நீக்கினேன். காரணம் கேட்டது, எதையும் தேர்ந்தெடுக்காமல் தாண்டிப் போனேன். கடைசிச் சாளரத்தில் பச்சை வட்டமும் வெள்ளை டிக்கும் எழுந்து, நிரல் முழுமையாக அகற்றப்பட்டது என்று தெரிவித்தன. பழக்கதோஷத்தில் ஆட்டோரன்ஸைத் திறந்து பார்த்தேன். அந்த நிறுவனத்தின் பெயரில் இரண்டு மஞ்சள் வரிகள் இருந்தன.