இன்ஜெக்‌ஷன் மாற்றப் போகிறீர்களா? வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள்

பழைய கார்புரேட்டர் காருக்கு, கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையில் நன்றாக ஏமாந்திருக்கிறேன். அதே வேலைக்கு வண்டியை விட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கிட்டில் குறை இல்லை. கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் த்ராட்டில் பாடி, அதிலேயே இன்ஜெக்டர்கள், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான ஈசியு, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து அதற்குச் சொல்ல எக்ஸாஸ்ட்டில் பொருத்தும் ஓர் ஆக்ஸிஜன் சென்சார். பானெட்டைத் திறந்தால் பளபளவென்று இருக்கும். அவர்கள் கைவரிசையெல்லாம் கண்ணில் படாத இடங்களில்தான்.

கார்புரேட்டருக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் வந்தால் போதும். இந்தக் கிட்டுக்கு 58 வேண்டும். அதற்கேற்ற பம்பை மாட்டியவர்கள் ஹோஸை மட்டும் மாற்றவில்லை. பழைய ரப்பர், சாதாரணத் திருகு கிளிப். சூடான இன்ஜினுக்கு மேலே பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. நாற்றம் வருகிறதே என்று கேட்டால், "புது ரப்பர் வாசனை சார், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். அதில் புது ரப்பரே கிடையாது!

பில்லில் 'டேங்க் வரை ரிட்டர்ன் லைன்' (மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) என்று தனியாகப் பணம் போட்டிருந்தார்கள். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் அப்படி ஒரு லைனே இல்லை. மிச்சப் பெட்ரோலைப் பம்பின் வாய்க்கே திருப்பி விட்டிருந்தார்கள். அதே பெட்ரோல் சுற்றிச் சுற்றிச் சூடேறி ஆவி கட்டிக்கொள்ளும். நெரிசலில் வண்டி நின்று நின்று போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இதைக் கவனக்குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. திருட்டு.

கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், கார்புரேட்டர் காலத்தைவிட மோசமான மைலேஜ். கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "ஈசியு தானா கத்துக்கும் சார், இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க." உண்மையில் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வழியாக உள்ளே போன காற்றைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்கிறது. ஈசியு மேலும் மேலும் பெட்ரோலைக் கொட்டுகிறது. எத்தனை நாள் ஓட்டினாலும் அது அந்தப் பொய்யைத்தான் கற்கும்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது வயரிங். பம்பை ஈசியு சொல்படி இயங்கும் ரிலே சுவிட்ச்சில் கொடுக்காமல், சாவியோடு நேரடியாக இணைத்திருந்தார்கள். இன்ஜின் அணைந்த பிறகும், சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் ஓடுகிறது. விபத்தில் அந்த ஹோஸ் அறுந்திருந்தால்?

வேறொரு மெக்கானிக் ஹோஸ், ரிட்டர்ன் லைன், கேஸ்கெட், ரிலே எல்லாம் சரிசெய்தார். அதே கிட், அதே ஈசியு. இப்போது சோக் இழுக்கும் வேலையே இல்லாமல் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பழைய பட்டறையோ கிட்தான் கோளாறு என்று இன்னும் சாதிக்கிறது. போடாத லைனுக்கு வாங்கிய பணமும் திரும்பவில்லை.

வண்டியை எடுக்கும்போது சாவியை ஆன் செய்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் காது கொடுங்கள். பம்ப் சில விநாடி ஓடித் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, வயரிங்கைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.