முழங்கால் நோவுக்கு நேரிலும் போனிலும் பயிற்சி: ஆறு வருட அனுபவம்

எனக்கு வயது 43. ஹீமோபிலியா ஏ, அதாவது இரத்தம் சரியாக உறையாத நோய், கடுமையான வகை. இரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் 8 என்ற புரதம் சாதாரண அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சின்ன வயதில் நேரத்துக்கு ஃபாக்டர் ஊசி கிடைக்காமல், உள்ளே திரும்பத் திரும்ப இரத்தம் கசிந்து வலது முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. இப்போது கசிவு அரிது, நோவு மட்டும் போகவில்லை. அஸ்பிரின் போன்ற குளிசைகள் கசிவைக் கூட்டும் என்பதால் எங்களுக்கு ஆகாது. பனடோலுக்கு அப்பால் நான் நம்பியிருப்பது பயிற்சியைத்தான்.

2019இல் பிசியோதெரபி கிளினிக்குக்கு நேரில் போகத் தொடங்கினேன். வாரத்துக்கு இரண்டு நாள் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பஸ். சரியாக மடங்காத காலோடு அந்த உயரமான படியில் ஏறி, காலி வீதி நெரிசலில் நின்றுகொண்டே போய்ச் சேரும்போது, பயிற்சிக்கென்று வைத்திருந்த பலத்தில் பாதி போயிருக்கும். நோவு கூடிய நாளில்தான் பிசியோ தேவை, அன்றுதான் வீட்டைவிட்டு இறங்கவே முடியாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எல்லாம் போனுக்கு மாறியது. அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழில் பேசும் பிசியோ ஒருவர் கிடைத்தார். எனக்கு இது பெரிய விஷயம். கிளினிக்கில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லா நோவுக்கும் ‘ரிதெனவா’ என்ற ஒரே சொல்தான். தமிழில் உளைவு வேறு, குத்து வேறு, விறைப்பு வேறு. காலையில் எழும்பும்போது விறைத்திருந்து, கொஞ்சம் நடந்ததும் இளகினால் பெரும்பாலும் தேய்மானம். சும்மா இருக்கும்போதே உள்ளே குறுகுறுத்து, இறுகி, சூடேறினால் கசிவாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரைக் கேட்க வேண்டும். அந்தப் பிசியோவுக்குச் சொல்லிச் சொல்லித்தான் இந்த வித்தியாசத்தை நானே பிடித்தேன்.

பயிற்சி பெரிதாக ஒன்றுமில்லை. சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை அழுத்துவது. பிறகு கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவது. ஃபாக்டர் ஏற்றிய அன்றே செய்வேன், ஏனென்றால் ஏறக்குறைய 12 மணித்தியாலத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். நோவு குறைந்த நாளில் ஆசைப்பட்டு இரட்டிப்பாகச் செய்து, அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடக்கும் பழக்கமும் விட்டுப்போனது. வாரம் தவறாமல் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்ததால் வந்த பலன் அது.

சரி, குறை என்ன? 2022இல் 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில் பல வகுப்புகள் தவறின. அது பரவாயில்லை. அந்த வருடக் கடைசியில் இடுப்பு நோவு தொடங்கியதுதான் என்னைப் பயப்படுத்தியது. போனை எப்போதும் முன்னால் வைத்தே செய்துவந்தேன். நேரில் போனபோது, அங்கிருந்த மூத்த பிசியோ என் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். நாலு அடிதான் வைத்திருப்பேன், பிடித்துவிட்டார். முழங்கால் நீளாத குறையை இடுப்பைத் தூக்கிச் சமாளித்து வந்திருக்கிறேன். கோணமானியால் அளந்தார்: நேராக நீள 15 பாகை குறைவு. முன்பு 10தான். வீட்டில் இருந்த எனக்கு அது தெரியவே இல்லை.

யாழ்ப்பாணத்துப் பிசியோவிடம் சொன்னேன். “அண்ணா, இனிப் போனைப் பக்கவாட்டில, முழங்கால் உயரத்துக்கு வையுங்கோ” என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் அளவெடுக்கிறேன், மற்ற வாரங்கள் போனில். இப்போது குறைவு 8 பாகை.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் சில தடவை கட்டாயம் நேரில் போங்கள். சத்திரசிகிச்சை செய்தவர்களும், அண்மையில் கசிவு வந்தவர்களும் போனை மட்டும் நம்ப வேண்டாம். சூட்டையும் வீக்கத்தையும் தொட்டுப் பார்க்கத் திரைக்குக் கை இல்லை. போன் வகுப்பில் அந்த வேலையை நானேதான் செய்கிறேன்: தொடங்கமுன் புறங்கையை இரண்டு முழங்காலிலும் மாறி மாறி வைப்பேன். இரண்டும் ஒரே சூடாக இருந்தால்தான் துவாயைச் சுருட்டுவேன்.