எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்: எந்தப் பெட்டியில் ஆடிவிட்டு மார்க் போட்டீங்க?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த சீரிஸ் எஸ், டிவியில் மாட்டி கேம் ஆடும் மைக்ரோசாஃப்ட் கன்சோல், என் காசில் வாங்கிய பெட்டி, யாரும் அனுப்பி வைத்ததில்லை. வீட்டில் இருப்பது 43 இன்ச் ஃபுல் ஹெச்டி டிவி, அதைவிடத் துல்லியமான 4கே கிடையாது. இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ் இரண்டும் 2020 நவம்பர் 10 அன்று ஒன்றாக வந்தன. இந்தியாவில் அப்போது சின்னதான எஸ் 34,990 ரூபாய், பெரியதான எக்ஸ் 49,990. மிச்சமாகும் பதினைந்தாயிரத்துக்கு நாம் விட்டுக்கொடுப்பது கொஞ்சநஞ்சமில்லை. டிஸ்க் போட வழியில்லை. மெமரி 16 ஜிபிக்குப் பதில் 10 ஜிபி. கிராஃபிக்ஸ் திறன் 12 டெராஃப்ளாப் இருந்த இடத்தில் 4. ஸ்டோரேஜ் 512 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும், கேம் ஏற்றக் கிடைப்பது என்னவோ 364 ஜிபிதான். (கறுப்பு நிறத்தில் 1 டிபி மாடல் 2023-ல் வந்தது. இப்போது வாங்குகிறவர்கள் அதைப் பாருங்கள்.)

பேப்பரில் இவ்வளவு இளைத்துப்போய் இருக்கிற பெட்டி, சோபாவில் உட்கார்ந்து ஆடும்போது அப்படித் தெரிவதில்லை. சைபர்பங்க் 2077 கேமை எடுத்துக்கொள்கிறேன். சீரிஸ் எஸ்ஸுக்கென்று தனியாகச் செய்த வெர்ஷன் 2022 பிப்ரவரியில் வந்தபோது நொடிக்கு 30 ஃப்ரேம் (படம்) மட்டும்தான். செப்டம்பரில் வந்த 1.6 பேட்ச்சில் (கேமுக்கான அப்டேட்) 60 ஃப்ரேம் மோடு சேர்த்தார்கள். அதை ஆன் செய்தால் தூரத்துக் கட்டடங்களும் போர்டு எழுத்துகளும் கொஞ்சம் மங்கும். ஆனால் வண்டியை வேகமாகத் திருப்பும்போது ரோடு வழுக்கிக்கொண்டு வரும், துப்பாக்கி குறி கையோடு நகரும். மங்கலை என் டிவி பாதி மறைத்துவிடுகிறது. 55 இன்ச் 4கே வைத்திருப்பவருக்கு அதே மங்கல் கண்ணை உறுத்தும். இரண்டு பேருக்கும் ஒரே மார்க் எப்படிப் போடுவது?

இதே கேம் 2020 டிசம்பர் 10-ல் முதலில் வந்தபோது நடந்த கூத்து நினைவிருக்கும். ரிலீசுக்கு முன்னால் விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி காப்பி மட்டும். சொந்தமாகப் பதிவு செய்த வீடியோவைக் காட்டவும் அனுமதியில்லை, கேமைச் செய்த கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். மார்க் எல்லாம் பத்துக்கு ஒன்பது என்று கொட்டியது. அதை நம்பி சோனியின் பிஎஸ்4-க்கும் (பிளேஸ்டேஷன் 4) பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வாங்கியவர்கள் ஆடியது அரைவேக்காட்டு கேம். ஒரே வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதைத் தூக்கியது. அடுத்த வருஷம் ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள். விமர்சகர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிசியில் ஆடியதைத்தான் எழுதினார்கள். 'கன்சோலில் எப்படி ஓடும் என்று எங்களுக்குக் காட்டவில்லை' என்ற வரியைத் தலைப்புக்குக் கீழேயே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த ரிவ்யூவைத் திறந்தாலும் என் கண் முதலில் தேடுவது எந்த மிஷினில் ஆடினார்கள் என்பதை.

சீரிஸ் எஸ் வைத்திருப்பவனுக்கு இந்தப் பழக்கம் ரொம்ப அவசியம். பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் பிசிக்கு 2023 ஆகஸ்டிலும் பிஎஸ்5-க்கு செப்டம்பரிலும் வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் டிசம்பர் வரை காத்திருந்தோம். திரையைப் பாதியாகப் பிரித்து இரண்டு பேர் ஆடும் வசதியை இந்தச் சின்னப் பெட்டியில் ஓட்ட முடியவில்லை என்பதுதான் காரணம். கடைசியில் இதில் மட்டும் அந்த வசதி இல்லாமலே விட்டார்கள், 2025-ல்தான் பேட்ச்சில் வந்து சேர்ந்தது. பிஎஸ்5-ல் ஆடிவிட்டு 'நண்பரோடு உட்கார்ந்து ஆட அருமையான கேம்' என்று எழுதிய ரிவ்யூ எனக்கு என்ன பிரயோஜனம்?

அதே சமயம், திரையைப் பிரித்தாலே இந்தப் பெட்டி படுத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். லீவுக்கு வந்த அக்கா பையனோடு இட் டேக்ஸ் டூ ஆடினேன். அந்த கேமே இரண்டு பேர் இருந்தால்தான் நடக்கும். ஆரம்பக் கட்டத்தில் நான் சுவரில் ஆணி எறிய வேண்டும், அவன் சுத்தியலை அதில் மாட்டித் தொங்கித் தாவ வேண்டும். "மாமா, ஆணி! ஆணிய போடுங்க மாமா!" என்று அவன் கத்தியதற்குப் பொறுப்பு என் விரல், பெட்டி இல்லை. திணறல் எதுவும் கண்ணில் படவில்லை.

ஸ்டோரேஜ்தான் பெரிய தலைவலி. பெரிய கேம்கள் நாலைந்து ஏற்றினால் இடம் காலி. யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் செருகலாம், ஆனால் அதிலிருந்து நேரடியாக ஓடுவது பழைய தலைமுறை கேம்கள் மட்டும். புதுசுகளை அதில் அடுக்கி வைக்கலாம், ஆடும்போது உள்ளே மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் பின்பக்கம் செருகும் தனி கார்டு வாங்க வேண்டும், அது மலிவில்லை.

குவிக் ரெஸ்யூம் நல்ல சமாச்சாரம். ஒரு கேமை விட்டு இன்னொன்றுக்குப் போய் வந்தாலும், பெட்டியை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கி மாட்டினாலும், விட்ட இடத்திலேயே நிற்கும். ஆடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் மட்டும் அது காப்பாற்றாது, கடைசியாக சேவ் ஆன இடம்தான் கதி. கன்ட்ரோலருக்கு இன்னமும் பென்சில் செல். ரீசார்ஜ் செல் நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் இல்லாததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடி முடித்ததைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கும் வழி இதில் அடைபட்டுப் போகிறது. அதற்கு ஈடாக, மாதச் சந்தா கட்டி நிறைய கேம்கள் ஆடும் கேம் பாஸ் இருந்தது. ஆனால் அதன் அல்டிமேட் சந்தா 2025 அக்டோபரில் அமெரிக்காவிலேயே மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 ஆனது, அப்போது இங்கேயும் ஏறியது. மலிவுப் பெட்டி என்று சொல்வதற்கு முன் இரண்டு வருஷச் சந்தாவைக் கூட்டிப் பாருங்கள்.

பத்துக்கு என் மார்க்: ஃபுல் ஹெச்டி டிவிக்கு 8, பெரிய 4கே டிவிக்கு 6. செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால், பழைய ஓனர் தன் அக்கவுண்டை நீக்கி ரீசெட் செய்தாரா என்று பார்த்து, கன்ட்ரோலர் ஸ்டிக்கைத் தொடாமல் விட்டு மெனு தானாக நகர்கிறதா என்றும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.