மடியா, கக்கமா, பாயா: பால் கொடுக்க எது தோது?

பால் கொடுக்கும் அம்மா என்றால் எல்லார் மனதிலும் வருவது ஒரே படம்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தி, தலையை முழங்கை மடிப்பில் தாங்கியபடி. மூன்று மாதப் பிள்ளைக்கு அது அருமையான நிலை. பிறந்து மூன்றே நாளான பிள்ளைக்கு அதைவிடச் சிரமமானது வேறில்லை என்பேன். மூத்தவளுக்கு அப்படித்தான் ஆரம்பித்தேன். நாலாம் நாள் காம்பு வெடித்து, அவள் பசிக்குச் சிணுங்கினாலே பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

காரணம் ரொம்பச் சாதாரணம். பச்சைப்பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. முழங்கையில் வைத்த தலை வழுக்கி ஓரமாகப் போய்விடும். பிள்ளை கழுத்தைத் திருகிக்கொண்டு காம்பை மட்டும் கவ்வும். நாமும் சும்மா இருக்காமல் மார்பை அதன் வாய்க்குக் கொண்டுபோகக் குனிவோம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை இப்படிக் குனிந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும்?

அதே மடிதான், கையை மட்டும் மாற்றிப் பாருங்கள். நர்ஸ்கள் இதை ‘கிராஸ் கிரேடில்’ என்பார்கள். வலது மார்பில் கொடுப்பதென்றால் இடது கையால் பிள்ளையைத் தாங்க வேண்டும். உள்ளங்கை தோள்பட்டைகளுக்கு நடுவே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காதுகளுக்குக் கீழே. பின்மண்டையைப் பிடித்து அழுத்தவே கூடாது, அழுத்தினால் பிள்ளை தலையைப் பின்னுக்குத் தள்ளும். மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். கொட்டாவி விடுவதுபோல் வாய் திறக்கும் வரை பொறுங்கள். திறந்ததும் பிள்ளையைச் சட்டென்று நம் பக்கம் அணைக்க வேண்டும், முதலில் மார்பைத் தொடுவது தாடையாக இருக்கட்டும். கீழ் உதடு வெளியே மடிந்து, கருவட்டம் கீழே மறைந்து, மேலே மட்டும் கொஞ்சம் தெரிந்தால் சரியாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சரியில்லையா? சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். குறை ஒன்று உண்டு: மடியில் தலையணை வைக்காவிட்டால் மணிக்கட்டு கழன்று விழும்.

சிசேரியன் ஆனவர்களுக்கு மடியே வேண்டாம். தையல்மேல் பிள்ளை உதைத்தால் உயிர் போய்விடும். அவர்களுக்குக் கக்கம். பக்கத்தில் இரண்டு தலையணையை அடுக்கி, பிள்ளையின் உடம்பை நம் விலாவோரம் இடுக்கி, கால்கள் நம் முதுகுப் பக்கம் போகும்படி வைப்பது. மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கும், ரெட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கொடுப்பவர்களுக்கும் இதுதான் வசதி. பின்னால் சுவரை ஒட்டி உட்காராதீர்கள், பிள்ளை சுவரை உதைத்துக்கொண்டு வில்லாய் வளையும். வீட்டை விட்டு வெளியே போனால் இது கதைக்காகாது. கல்யாண மண்டபத்துக்கு இரண்டு தலையணையோடா போக முடியும்?

ராத்திரிக்கு ஒருக்களித்துப் படுப்பதுதான். தையல் போட்டு உட்கார முடியாதவர்களுக்குப் பகலிலும் இதுவே. ஆனால் நம் வீடுகளில் உடனே ஒரு குரல் வரும். “படுத்துக்கிட்டு குடுக்காதடி, காதுல பால் எறங்கி சீழ் வச்சிரும்.” என் மாமியாரும் சொன்னார். பிள்ளையை மல்லாக்கப் போட்டுப் பாட்டிலைக் கவிழ்ப்பதற்குத்தான் இந்தப் பயம் பொருந்தும். ஒருக்களித்த நிலையில் பிள்ளையும் நம் வயிற்றோடு வயிறாக நம்மைப் பார்த்தே படுத்திருக்கிறது, தானே உறிஞ்சித்தான் குடிக்கிறது. அத்தையிடம் இதையெல்லாம் விளக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டேன்.

உண்மையில் பயப்பட வேண்டியது தூக்கத்துக்கு. சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ பிள்ளையோடு கண்ணயர்வது ரொம்ப ஆபத்து. பாயோ, அமுங்காத மெத்தையோ போதும். தலையணையை நம் முதுகுக்கு வைத்துக்கொள்ளலாம், பிள்ளை பக்கத்தில் எதுவும் வேண்டாம். குடித்து முடித்ததும் தனியாக மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

இன்னொன்று, பின்னால் சாய்ந்துகொண்டு பிள்ளையை நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக் கொடுப்பது. பார்க்கும் பெரியவர்கள் பதறுவார்கள். ஆனால் பால் பீய்ச்சியடித்துப் பிள்ளைக்குப் புரையேறுகிறது என்றால் இதை முயன்று பாருங்கள், பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் மட்டுப்படும்.

எப்படி வைத்தும் வலி குறையவில்லை, அல்லது பிள்ளை ஐந்து நாளுக்குப் பிறகும் ஒரு நாளைக்கு 6 தடவையாவது ஒன்றுக்குப் போகவில்லை என்றால், நிலையை மாற்றிக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பழைய மடி எனக்குக் கைகொடுத்தது சின்னவன் கழுத்து நின்ற பிறகுதான். தமிழக அரசு 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்ததே, அப்படி ஒன்றில். தலையணை இல்லை, சாய முதுகு இல்லை, வெளியே கண்டக்டர் விசில். முழங்கையில் தலையை வைத்தேன், அவனே தேடிப் பிடித்துக்கொண்டான். பஸ் கிளம்புவதற்குள் இரண்டு பக்கமும் முடித்துவிட்டான்.