நாலு அங்குலச் சட்டத்துக்குள் ஒரு பெயர்: வீட்டு எம்பிராய்டரி மெஷினுடன் ஆறு ஆண்டுகள்

2019 இல் சீட்டுக் காசு கைக்கு வந்த மாதம் இந்த மெஷினை வாங்கினேன். சாதாரணத் தையலும் தைக்கும், பூவேலையும் போடும். எந்தக் கம்பனி என்று சொல்லப் போவதில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். இந்த விலைக்கு வருகிறவை எல்லாம் ஏறத்தாழ ஒரே குணம்தான்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டில் அம்மாவின் கறுப்பு சிங்கர் மிதி மெஷின் ஏற்கெனவே இருந்தது. புதியது வந்ததும் பழையதை விற்றுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். நல்ல வேளையாக நான் கேட்கவில்லை. இன்றும் போர்வை ஓரம், பாடசாலைப் பை போன்ற தடித்த வேலை எல்லாம் அதில்தான். புதியது நாலு மடிப்பு ஜீன்ஸ் துணியைக் கண்டாலே முனகத் தொடங்கிவிடும்.

வாங்கியது பெயர் போடுவதற்காக. அண்ணன் பிள்ளைக்குத் துவாய், சடங்கு வீட்டுக்கு லேஞ்சி (கைக்குட்டை), கொழும்பில் வேலை செய்யும் மச்சினிக்குத் தலையணை உறை. கடையில் வாங்கிய பொருளைக் கொடுத்தால் அலுமாரிக்குள் போய்விடும். பெயர் போட்ட துவாயை மட்டும் யாரும் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

முதல் தடை தமிழ். மெஷினுக்குள் இருப்பது ஆங்கில எழுத்து மட்டும். தமிழ் வேண்டும் என்றால் கணினியில் எழுத்தை வரைந்து, தையல் கோப்பாக மாற்றி, பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். என்னிடம் முதலில் இருந்த மென்பொருளுக்குத் தமிழை அடுக்கவே தெரியாது. ‘கோகிலா’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் தம்பி ஒருவர்தான் பாமினி என்ற எழுத்துருவில் அடிக்கச் சொன்னார். பாமினி எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், தமிழே தெரியாத மென்பொருளும் அடித்த வரிசையில் அப்படியே காட்டிவிடும். கொம்பை நாமே முன்னால் அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடம் அப்படி ஓட்டினேன். பிறகு படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பும், அதோடு சேர்த்துக்கொண்டு தையல் கோப்பு செய்யும் இங்க்ஸ்டிட்ச்சும் கிடைத்தன. இரண்டும் இலவசம், யூனிகோட் தமிழும் ஒழுங்காக வருகிறது. காசு கொடுத்து வாங்கிய பழைய மென்பொருளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இரண்டாவது தடை புள்ளி. சிரிக்க வேண்டாம். எழுத்து சிறிதாகச் சிறிதாகப் புள்ளி கடுகாகிவிடும். ஊசி அந்தக் கடுகுக்குள்ளேயே திரும்பத் திரும்பக் குத்தும். நூல் அறுந்துபோகும், இல்லையென்றால் துணியில் ஓட்டை விழும். மெல்லிய லேஞ்சிகள் மூன்றை அப்படித்தான் நாசமாக்கினேன். இப்போது எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தால் போடுவதில்லை. புள்ளியை மட்டும் அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக்கி, ஐந்தாறு தையலில் முடித்துவிடுகிறேன். ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகளையும் அகட்டி வரைய வேண்டும். நெருக்கத் தையல் துணியை உள்ளே இழுப்பதால் இடைவெளி தானாக அடைந்துவிடும்.

துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தின் அளவு நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம், அதாவது 100 மில்லிமீட்டர். வாங்கும்போது போதும் என்றுதான் நினைத்தேன். விளம்பரப் படத்தில் மூன்று எழுத்து ஆங்கிலப் பெயரைப் போட்டிருந்தார்கள். நம் வீட்டில் ‘கிருஷ்ணவேணி’, ‘யோகேஸ்வரன்’. இரண்டு வரியாக உடைக்க வேண்டும், அல்லது சட்டத்தைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாதிப் பாதியாகப் போட வேண்டும். அந்த இரண்டு பாதியும் ஒரே கோட்டில் சேர்ந்தால் அன்றைக்குப் பாயசம். கையில் காசு இருப்பவர்கள் பெரிய சட்டமாகவே பாருங்கள்.

தைக்கும் நேரம் பத்து நிமிடம் என்றால், துணியைச் சட்டத்தில் மாட்டுவதற்கு அரை மணிநேரம். துணி சுருங்காமல் தாங்கும் தாளை அடியில் வைக்காமல் எதையும் தொடாதீர்கள். இழுபடும் டீ-சேர்ட்டுக்கு வெட்டி எடுக்கும் வகை, லேஞ்சிக்குக் கிழித்து எடுக்கும் வகை. துவாய்க்கு மேற்பக்கமும் தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் போன்ற தாளை விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் துவாயின் சுருள் நூலுக்குள் முழுகிவிடும்.

அந்தக் கரையும் தாள்தான் எங்கள் ஊரில் பெரிய பாடு. ஜூன், ஜூலையில் மழையும் மூடுபனியும் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். தாள் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்து கையில் ஒட்டும், ஊசி துருப்பிடிக்கும். இப்போது எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள், பக்கத்தில் துணியில் முடிந்த வறுத்த அரிசி. எம்பிராய்டரிக்கு 75/11 அளவு ஊசி போடுகிறேன். இரண்டு மூன்று துவாய்க்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். ஊசியில் சிக்கனம் பார்த்தால் நூலில் போய்விடும். நூல் கொழும்பு புறக்கோட்டையில்தான் வாங்குகிறேன். இங்கே சிவப்பு கேட்டால் ஒரே சிவப்புத்தான் இருக்கும்.

2022 மின்வெட்டை எப்படி மறப்பது? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் இல்லை. பெயரின் நடுவில் நின்றுவிட்டால் சட்டத்தை அசைக்காமல் அப்படியே விட வேண்டும். எத்தனையாவது தையல்வரை போயிருக்கிறது என்பதை முன்பே திரையில் பார்த்துக் குறித்து வைத்திருந்தால், மின்சாரம் வந்ததும் நாலைந்து தையல் பின்னால் போய்த் தொடரலாம். ஒவ்வொரு நிறம் முடியும்போதும் எண்ணை எழுதிவைக்கும் பழக்கம் அப்போது வந்தது. பிறகு கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்று வாங்கினேன். ஆனால் அந்த மாதங்களில் உண்மையில் வேலை செய்தது அம்மாவின் மிதி மெஷின்தான், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்.

அம்மாயிக்குப் போர்வை செய்தபோது வேறு விதமான சிக்கல். அவருடைய அடையாள அட்டையில் ஒரு நெடில் குறைந்திருக்கிறது, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் வேறு எழுத்து, பென்ஷன் கடிதத்தில் மூன்றாவது விதம். அந்தக் காலத்தில் எழுதியவர் காதில் விழுந்ததுதான் பெயர். எதைப் போடட்டும் என்று கேட்டேன். வீட்டில் கூப்பிடுவதையே போடு, அட்டையில் இருப்பவள் யாரோ என்றார். அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது. நெடில் இருக்கிறதா என்று மட்டும் என் மகளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஐந்து வருடம் துவைத்தும் பொலியெஸ்டர் நூல் நிறம் மங்கவில்லை. போர்வைதான் நைந்துவிட்டது.

பணம் சம்பாதிக்கலாமா என்று கேட்கிறார்கள். இந்த அளவு மெஷினில் முடியாது. ஊசியும் தாளும் கணக்குப் போட்டால் கூலி மிஞ்சாது. பொறுமை இல்லாதவர்கள் டவுனில் கொடுத்துப் போட்டுக்கொள்வதே மலிவு.

தங்கச்சிக்கு அடுத்த மாதம் குழந்தை. துவாய்க்கு ஓரம் அடித்து வைத்துவிட்டேன். பெயரை அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புள்ளி இல்லாத பெயராகப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.