மாதிரி ரயில் நிலையத்துக்கு மின்சாரம்: நான்கு ஆண்டு அனுபவம்
ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதை ரயில் வந்துகொண்டிருந்தது. இன்று எங்கள் ஊரில் ரயில் பார்க்க வேண்டுமென்றால் என் வீட்டு மாடியறைக்குத்தான் வர வேண்டும்: எட்டடிக்கு நான்கடி பலகையில், 1:87 அளவில் ஒரு சிறு நிலையம். வண்டியை ஓட்டும் கன்ட்ரோலர் நான்கு ஆண்டுகளில் பழுதானதே இல்லை. என்னைப் படுத்தியெடுத்தவை விளக்குகளும், வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்களும்தான்.

முதலில் எல்லாவற்றையும் கன்ட்ரோலரின் பின்புறமுள்ள 16 வோல்ட் ஏசி முனையிலேயே மாட்டினேன். பாயிண்ட் பொத்தானை அழுத்தினால் நடைமேடை விளக்குகள் மங்கும், வண்டியும் தயங்கும். தடம் மாற்றும் சுருள் ஒரு கணத்துக்கு 3, 4 ஆம்பியர் கேட்கும். 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் பாவம், என்ன செய்யும்? கோடை மாலையில் வீட்டு மின்னழுத்தம் இறங்கினால் பாயிண்ட் பாதியில் நின்றுவிடும், வண்டி தடம்புரளும்.

எரிச்சலில், கண்காணிப்புக் கேமராக்களுக்குப் போடும் 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கிப் பெட்டியை வாங்கினேன். ஒருநாள் விளக்குக் கம்பத்தின் மயிரிழை ஒயர்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. 10 ஆம்பியரைத் தாண்டினால்தான் பெட்டி தானாக நிற்கும். ஒயருக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்கும் தெம்பு ஏது? பலகைக்கு அடியில் அதன் தோல் உருகிப் புகைந்தது. "அடுப்பை அணைத்தீர்களா?" என்று கீழிருந்து மனைவி கேட்டார்.

கணக்குப் போட்டதே அதற்குப் பிறகுதான். எல்இடி 40, தலா 10 மில்லி ஆம்பியர். பழைய குட்டி பல்புகள் 12, தலா 60. கூட்டினால் 1.12 ஆம்பியர்!

இப்போது விளக்குகளுக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். உள்ளே வரும் மின்னழுத்தம் 100 முதல் 240 வோல்ட் வரை எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. கோடையிலும் வெளிச்சம் மாறுவதில்லை. இணைப்பை நான்கு கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அரை ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் வைத்திருக்கிறேன். பல்புக் கிளைகளுக்கு மட்டும் 9 வோல்ட்டாகக் குறைத்துவிட்டேன். மண்ணெண்ணெய் விளக்கு போன்ற மஞ்சள் ஒளி கிடைக்கிறது, பல்பும் சீக்கிரம் போவதில்லை.

பாயிண்ட்களுக்குத் தனி 16 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நடுவில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெபாசிட்டர் சுற்று. கெபாசிட்டர் மெல்ல நிரம்பி ஒரே உதையில் கொட்டிவிடும். பொத்தான் சிக்கிக்கொண்டாலும் சுருள் கருகாது. மீண்டும் நிரம்ப இரண்டு நொடி காத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. அவசரப்பட்டு அடுத்தடுத்துத் தட்டினால் இரண்டாவது பாயிண்ட் முறைத்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

ஃபியூஸ் இதுவரை மூன்று முறை போயிருக்கிறது. மூன்று முறையும் கீழிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை.